எந்த மொழியில் கேட்டீர்கள்?

நீண்ட பதிவு. மருத்துவத் துறை மாணவர்களும் மொழியியல் மாணவர்களும் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். தவறு இருந்தால் மறுத்து எழுதுங்கள்.

மூக்கு, மேல்தாடை, முகம் ஆகியவற்றில் செய்யப்படும் அறுவை சிகிச்சைகளைப் பற்றி நம் நாட்டில் வெளிவரும் ஆய்வுக் கட்டுரைகளைச் சில ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். சிகிச்சைக்குப் பின் நோயாளிகளின் வாழ்க்கைத் தரம் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது என்ற முடிவு அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. அட்டவணை, சராசரி, திட்ட விலக்கம் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. ஆனால் அந்த எண்களைத் தந்த கேள்விகள் நோயாளியிடம் எந்த மொழியில், யாரால், எந்தச் சொற்களால் கேட்கப்பட்டன என்பதற்குப் பல கட்டுரைகளில் விடை இல்லை. இருந்தாலும் ‘உள்ளூர் மொழியில் விளக்கப்பட்டது’ என்ற ஒரே வரியோடு முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வரிக்குள் என்ன நடக்கிறது என்பதே இப்பதிவின் பொருள்.

இத்துறையின் கருவிகளை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: மூக்கு, சைனஸ் நோய்களுக்கு ‘ஸ்னாட்-22’ என்ற வினாப்பட்டியல் உலகெங்கும் பயன்படுகிறது. 22 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 110. எண் கூடக் கூடத் துன்பம் அதிகம் என்று பொருள். மூக்கடைப்புக்கு மட்டும் ‘நோஸ்’ என்ற ஐந்து வினாப் பட்டியல் உண்டு. தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கென ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வமைப்பு உருவாக்கிய பட்டியல் தனி. இவையெல்லாம் ஆங்கிலம் வழி நம்மிடம் வந்தவை. மொழிபெயர்ப்பதற்கு வகுக்கப்பட்ட முறையும் உண்டு: இருவர் தனித்தனியே மொழிபெயர்த்து, இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்கி, மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்கி, பின்னர்ச் சில நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இம்முறையில் நான் பங்கெடுத்திருக்கிறேன். மும்பையில் ஆய்வு செய்யும் தமிழ் பேசுபவர் என்ற ஒரே தகுதியால், ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்காக இத்தகைய பட்டியல் ஒன்றைத் தமிழாக்கும் பணியில் உதவினேன். தாராவியிலும் அதைச் சுற்றியும் தலைமுறைகளாக வாழும் தமிழர்கள் அங்கே சிகிச்சைக்கு வருகிறார்கள். அவர்களுள் ஓர் அம்மா 2021ஆம் ஆண்டின் கருப்புப் பூஞ்சை நோயில் மேல்தாடையின் பெரும்பகுதியையும் அண்ணத்தையும் இழந்தவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருமணமாகி வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது.

கருப்புப் பூஞ்சையை நாடு மறந்துவிட்டது, எண்களையாவது நினைவுபடுத்துகிறேன். 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு தந்த கணக்கின்படி 45,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டிருந்தனர். 4,300க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தனர். குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் பாதிப்பு மிக அதிகம். கொரோனாவும், கட்டுப்படாத சர்க்கரையும், அளவுமீறிக் கொடுக்கப்பட்ட ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில் பூஞ்சை மூக்கின் வழியே நுழைந்து, சைனஸ், அண்ணம், கண்குழி என்று பரவியது. அழுகிய எலும்பை வெட்டி எடுப்பதைத் தவிரப் பலருக்கு வேறு வழி இருக்கவில்லை. மருத்துவர்கள் இரவு பகலாக உழைத்து உயிர்களைக் காத்தார்கள். அதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. இப்பதிவு அவர்களுக்கு எதிரானதும் அன்று. உயிர் பிழைத்த பிறகு வரும் வாழ்வை நாம் அளக்கும் முறைக்கு எதிரானது.

அந்த அம்மாவிடம் வருவோம். ‘சங்கடமாக உணர்கிறீர்களா’ என்ற பொருளுள்ள வினாவுக்கு எங்கள் குழு முதலில் ‘வெட்கமாக இருக்கிறதா’ என்று எழுதியிருந்தது. மீண்டும் ஆங்கிலமாக்கியவர் அதைச் சரியான ஆங்கிலச் சொல்லாகவே திருப்பித் தந்துவிட்டார். ஆகவே விதிப்படி அது தேறிய மொழிபெயர்ப்பு. அந்த அம்மா வினாவைக் கேட்டுவிட்டு என்னைச் சற்று நேரம் பார்த்தார். “வெக்கப்படுததுக்கு என்ன பாப்பா, என்னைய பொண்ணு பாக்கவா வந்திருக்காவ?” என்றார். விடைத்தாளில் 0 பதிவாயிற்று. சங்கடம் ஏதுமில்லை.

‘வெட்கம்’, ‘கூச்சம்’, ‘சங்கடம்’, ‘அவமானம்’, ‘மானக்கேடு’ ஆகியவை ஒரே அளவுகோலின் வெவ்வேறு புள்ளிகள் அல்ல. வெட்கம் மணப்பெண்ணுக்கும் உண்டு. அது அழகாகக்கூடக் கருதப்படும். கூச்சம் அறிமுகமில்லாதவர் முன்பு வருவது. அவமானம் பிறர் செய்வது. இவற்றுள் எதை வினவுகிறோம் என்று முடிவு செய்யாமல் 0 முதல் 5 வரை எண் கேட்பது அளவீடு ஆகாது. மேலும், மூக்கும் முகமும் நம் மொழிகளில் வெறும் உறுப்புகளாக இல்லை. தமிழில் மூக்கறுபடுதல் என்றால் மானம் போதல். இந்தியில் ‘நாக் கட்னா’ என்றாலும் அதுவே. ‘எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவேன்’ என்பது நாம் அன்றாடம் சொல்வது. உறுப்பின் பெயரே மானத்தின் பெயராக இருக்கும் மொழியில் அந்த உறுப்பை இழந்தவரிடம், ஆங்கிலத்தில் லேசான சங்கடத்தைக் குறிக்கும் சொல்லின் நிழலைக் கொண்டுபோய் நீட்டுகிறோம்.

அடுத்த வினா இதைவிட முக்கியமானது. ‘குடும்பத்தினர் முன்னிலையில் உண்பதில் சிரமம் இருந்ததா?’ அவர் விடை: இல்லை. ‘தொலைபேசியில் பேசுவதில் சிரமம் இருந்ததா?’ இல்லை. தாள் மிக நன்றாக வந்துகொண்டிருந்தது. பட்டியலில் இல்லாத ஒன்றை நான் கேட்டேன்: “வீட்டில் எப்போது சாப்பிடுவீர்கள் அம்மா?” எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, அடுக்களையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு. குழம்பு மூக்கு வழியே வந்துவிடுகிறது. பேரன் பார்த்தால் அருவருப்பான் என்ற அச்சம். தொலைபேசி? அவர் இப்போது எடுப்பதே இல்லை. ஊரிலிருக்கும் தங்கையிடம் மருமகள்தான் பேசுகிறார். செய்யாத செயலில் சிரமம் எப்படி இருக்கும்? அவர் பொய் சொல்லவில்லை. வினாவுக்கு மிகத் துல்லியமாக விடை சொன்னார்.

மொழியியல் முதலாண்டு மாணவருக்கும் இது தெரியும். ‘சிரமம் இருந்ததா’ என்ற வினா, அச்செயல் நடந்தது என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு கேட்கிறது. செயலே கைவிடப்பட்டிருந்தால் ‘இல்லை’ என்பது சரியான விடை. ஆனால் அந்த ‘இல்லை’ நலத்தின் கணக்கில் ஏறுகிறது. விலகிப்போனவர் குணமானவராகப் பதிவாகிறார். இக்குறை ஆங்கிலத்திலும் உண்டுதான். எனினும் பெண்கள் கடைசியில் உண்பதே வழக்கமாக உள்ள வீடுகளில் இது இருமடங்கு மறைந்துவிடுகிறது. அறுவைக்கு முன்னும் அவர் கடைசியில்தான் உண்டார். ஆனால் மருமகளோடு பேசிக்கொண்டே உண்டார். அந்த வேறுபாட்டைப் பிடிக்கும் வினா எந்தப் பட்டியலிலும் எனக்குத் தென்படவில்லை.

இப்போது ‘வாழ்க்கைத் தரம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பொருளியல் இதை முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது. தமிழில் வாழ்க்கைத் தரம் என்றால் வருமானம், வீடு, ரேஷன், பிள்ளைகளின் படிப்பு. ‘உங்கள் வாழ்க்கைத் தரத்தை எப்படி மதிப்பிடுவீர்கள்’ என்று கேட்டபோது அந்த அம்மா வாடகையைப் பற்றிப் பேசினார். குழுவிலிருந்த ஒருவர் வினா புரியவில்லை என்று குறித்துக்கொண்டார். எனக்கு அவர் மிகச் சரியாகப் புரிந்துகொண்டதாகவே பட்டது. வீட்டிலிருந்து மாவரைத்து விற்று வந்தவர். முகம் மாறிய பிறகு வாங்க வருவோர் குறைந்துவிட்டனர். அவருடைய அண்ணத்தில் விழுந்த துளை வாடகையில்தான் வலித்தது.

உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தரத்துக்கான தன் வினாப்பட்டியலை 1990களில் உருவாக்கியபோது, அதன் பதினைந்து மையங்களுள் சென்னையும் புதுதில்லியும் இருந்தன. ஒருவர் தாம் வாழும் பண்பாட்டுக்குள்ளிருந்து தம் நிலையை எப்படி உணர்கிறார் என்பதே வாழ்க்கைத் தரம் என்று அந்நிறுவனம் வரையறுத்தது. ஒரே மொழியில் எழுதிப் பின் பெயர்க்காமல், பல பண்பாடுகளில் ஒரே நேரத்தில் வினாக்களைத் திரட்டுவதே அம்முயற்சியின் நோக்கம். ஆக, சரியான வழி நமக்குத் தெரியாததன்று. நம் நகரங்களே அதில் பங்கெடுத்தன. பின்னர் நாம்தான் எளிய வழிக்குத் திரும்பினோம்.

பேச்சைப் பற்றிச் சொல்லாமல் இப்பதிவு முழுமையாகாது. என் துறை பதில் சொல்ல வேண்டிய இடம் அதுவே. ப, த, ட, க ஆகிய ஒலிகளுக்கு வாய்க்குள் காற்றழுத்தம் வேண்டும். அண்ணத்தில் துளையிருந்தால் காற்று மூக்கு வழியே வெளியேறிவிடும். ப என்பது ம போலவும், த என்பது ந போலவும், ட என்பது ண போலவும் கேட்கும். அந்த அம்மா பேரனைத் ‘தம்பி’ என்று அழைத்தால் அது ‘நம்மி’ என்று கேட்கிறது. இந்தியில் சிக்கல் வேறு. அங்கே உயிரொலி மூக்கொலியாவதே பொருளை மாற்றும்: ‘சாஸ்’ என்றால் மாமியார், அதே சொல்லில் ஆகாரம் மூக்கொலி பெற்றால் மூச்சு. எல்லா உயிரொலியும் மூக்கொலியாகிவிட்டவரின் வாயில் மாமியாரும் மூச்சும் ஒன்றாகிவிடுகின்றன. ஒரே துளை ஒவ்வொரு மொழியிலும் வெவ்வேறு சொற்களைத் தின்கிறது. ‘பேச்சில் சிரமம் எவ்வளவு’ என்ற ஒற்றை வினா இதில் எதைப் பிடிக்கும்?

துளையை அடைக்க ஒரு தகடு உண்டு. மருத்துவர்கள் அதை ‘அப்டுரேட்டர்’ என்பார்கள். நோயாளிகள் ‘பிளேட்’ என்கிறார்கள். அறுவையின்போதே ஒன்று பொருத்தப்படலாம். புண் ஆறும் வாரங்களில் இடைக்காலத் தகடு. தசை சுருங்கி வடிவம் நிலைத்த பின், பொதுவாக மூன்று முதல் ஆறு மாதங்களில், நிரந்தரத் தகடு. அதுவும் தளர்ந்தால் திருத்த வேண்டும். நன்கு பொருந்திய தகடு பேச்சையும் விழுங்குவதையும் பெருமளவு மீட்டுத் தரும். இனி இதை இன்னொரு எண்ணின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2018இல் தொடங்கிய பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பளிக்கிறது. மருத்துவமனையிலிருந்து வெளியேறிய பின்னான செலவை 15 நாட்கள் வரை ஏற்கிறது. பதினைந்தாம் நாள் புண் ஆறத் தொடங்கியிருக்கலாம். பேச்சு மீளத் தொடங்கியிருக்காது. திட்டத்தின் நாட்காட்டியில் சிகிச்சை முடிந்துவிட்டது. உடலின் நாட்காட்டியில் அது இன்னும் தொடங்கவில்லை.

சட்டத்தின் சொற்களும் இத்தகையவையே. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைக் குறிப்பிடுகிறது. அமிலத் தாக்குதலால் உருச்சிதைந்தவர்கள் அதில் உண்டு. அது நெடிய போராட்டத்தால் கிடைத்தது. நோயாலோ கட்டியாலோ அறுவையாலோ முகம் சிதைந்தவர்களுக்கென்று தனி வகை இல்லை. பேச்சுக் குறைபாட்டின் வரையறை குரல்வளை அகற்றலையும் மூளைப் பாதிப்பால் வரும் பேச்சிழப்பையும் ‘போன்ற’ நிலைகளைச் சுட்டுகிறது. அண்ணமிழந்தவர் அந்தப் ‘போன்ற’ என்ற ஒரு சொல்லுக்குள் தம்மைப் பொருத்திக்கொள்ள வாதாட வேண்டும். மறு கண் நன்றாக இருந்தால் ஒரு கண்ணை முற்றிலும் இழந்தவருக்குக் கிடைப்பது 30 விழுக்காடு. பெரும்பாலான சலுகைகளின் வாசல் 40 விழுக்காட்டில் இருக்கிறது. வங்கிக் கணக்குக்காகக் கைப்பேசியின் முன் கண் சிமிட்டச் சொல்லும் முறை, கண் சிமிட்ட இயலாதவர்களை வெளியே நிறுத்துகிறது என்பதைச் சொல்ல, அமிலத் தாக்குதலிலிருந்து மீண்டவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2025 ஏப்ரலில் மாற்று வழிகளை ஏற்படுத்துமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. எந்த வாழ்க்கைத் தர வினாப்பட்டியலாவது ‘உங்கள் முகத்தை இயந்திரம் ஏற்கிறதா’ என்று கேட்டதுண்டா?

எதிர்வாதங்களை அறிவேன்.

ஒன்று: ஒரு நாளைக்கு நூறு நோயாளிகளைப் பார்க்கும் அரசு மருத்துவரிடம் சொல்லாராய்ச்சி கேட்பது அநியாயம். உண்மை. மருத்துவர் அதைச் செய்ய வேண்டியதில்லை. ஆனால் நேரமில்லாததால் அளக்கவில்லை என்று எழுதுங்கள். அளந்து பார்த்தோம், உயர்ந்திருக்கிறது என்று எழுதாதீர்கள்.

இரண்டு: உலகத்தோடு ஒப்பிட ஒரே கருவி வேண்டும். ஒப்பீடு தேவைதான். எனினும் ஓரிடத்தில் 0 என்பது ‘சங்கடமில்லை’ என்றும் மற்றோரிடத்தில் ‘நான் ஒதுங்கிவிட்டேன்’ என்றும் பொருள்படுமானால், அவ்விரு 0களையும் ஒரே அட்டவணையில் வைப்பது ஒப்பீடு ஆகாது. ஸ்னாட்-22 மூக்கடைப்பையும் தூக்கத்தையும் பற்றிக் கேட்பவை பல மொழிகளிலும் நன்றாகவே நிற்கும் என்று நினைக்கிறேன். மனமும் உறவும் தொடர்பான வினாக்களே நழுவுகின்றன. அவற்றையும் இவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்வதையே எதிர்க்கிறேன்.

மூன்று: சிக்கல் பணம், சொல் அன்று. தகடு வாங்கப் பணமில்லாதவரிடம் வினாவைத் திருத்தி என்ன பயன்? இதுவே வலுவான வாதம். ஆனால் பணம் எங்கே போக வேண்டும் என்பதை எண்கள் தீர்மானிக்கின்றன. எண்களை வினாக்கள் தீர்மானிக்கின்றன. எல்லோரும் தேறிவிட்டார்கள் என்று நாமே எழுதிக் கொடுத்தால், பதினாறாம் நாளுக்கு யார் பணம் ஒதுக்குவார்கள்?

நம் பெருமிதத்தைப் பற்றியும் ஒரு சொல். மூக்குச் சீரமைப்பு என்றாலே நாம் சுசுருதரிடம் போய்விடுகிறோம். 1794இல் லண்டனின் ‘ஜென்டில்மன்ஸ் மேகசின்’ இதழில் புனே அருகே நடந்த மூக்குச் சீரமைப்பு ஒன்றைப் பற்றிய குறிப்பு வெளியானது. ஐரோப்பிய மருத்துவர்கள் இம்முறையைக் கையாள அது தூண்டுதலாயிற்று. அந்த நோயாளி காவஸ்ஜி, ஆங்கிலேயப் படையில் மாட்டுவண்டி ஓட்டியவர். திப்புவின் படையிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தவர். அவருடைய சீரான மூக்கை ஓவியமாக வரைந்தார்கள். அந்த ஓவியம் இன்றும் கருத்தரங்கத் திரைகளில் காட்டப்படுகிறது. ஒரு கையோடு அவர் அதன்பின் வண்டி ஓட்டினாரா, எங்கே உண்டார், யாரோடு பேசினார் என்று நாம் கேட்டதில்லை. இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் முன்படம், பின்படம் என்று இரண்டு நிழற்படங்களை வைத்து வெற்றியை அறிவிக்கிறோம். படத்தில் குரல் வராது.

என் துறையை விட்டுவிடுவதாக இல்லை. மூக்கொலி உயிர்களைப் பற்றி நாம் எழுதிய ஆய்வேடுகளை அடுக்கினால் ஒரு சுவர் எழும்பும். அவற்றுள் எத்தனை, அண்ணமிழந்தவர் ஒருவரின் பேச்சைக் கேட்டு எழுதப்பட்டவை? மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவிப்புல நிறுவனம் இருக்கிறது. பேச்சுப் பயிற்சியாளர்கள் பல மொழிகளில் சொற்பட்டியல்கள் உருவாக்கி உழைக்கிறார்கள். பல்கலைக்கழக மொழியியல் துறைகள் அவர்களோடு சேர்ந்து நின்றது மிகக் குறைவு. மருத்துவமனை நம்மை அழைத்தால் மொழிபெயர்ப்பாளராக அழைக்கிறது. நாமும் அவ்வளவே நம் வேலை என்று போய்வருகிறோம். நானும் அப்படித்தான் போனேன். ‘வெட்கமாக இருக்கிறதா’ என்று எழுதிய குழுவில் நானும் இருந்தேன்.

ஆகவே கேட்பவை நான்கு.

முதலாவது, வாழ்க்கைத் தரம் பற்றிய ஒவ்வோர் ஆய்வேடும், உண்மையில் கேட்கப்பட்ட மொழியில், கேட்கப்பட்ட சொற்களிலேயே வினாக்களைப் பின்னிணைப்பாகத் தர வேண்டும். நெறியாளர்களும் தேர்வாளர்களும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். இதற்குச் செலவு ஏதுமில்லை.

இரண்டாவது, ‘சிரமம் இருந்ததா’ என்பதற்கு முன் ‘இதை இப்போது செய்கிறீர்களா’ என்று கேட்க வேண்டும். செய்வதில்லை என்பதைத் தனி விடையாகப் பதிய வேண்டும். அதைப் பூஜ்யத்தில் சேர்க்கக் கூடாது.

மூன்றாவது, மனமும் உறவும் தொடர்பான வினாக்களை நோயாளிகளின் பேச்சிலிருந்து அந்தந்த மொழியில் முதலில் எழுத வேண்டும். ஆங்கிலத்துக்குப் பின்னர்ப் பெயர்க்கலாம். இது மொழியியல் துறையின் வேலை.

நான்காவது, தகடு, பேச்சுப் பயிற்சி, பின்தொடர்தல் ஆகிய மூன்றும் அறுவையின் தொகுப்பிலேயே அடங்க வேண்டும். 15 நாள் வரம்பு இவற்றுக்குப் பொருந்தக் கூடாது. இதைக் கேட்கத் தேவையான சான்றை முதல் மூன்றும் தரும்.

எங்கள் தமிழ்ப் பட்டியல் பின்னர்த் திருத்தப்பட்டது. ‘வெட்கம்’ நீக்கப்பட்டு ‘நாலு பேர் முன்னால் போகத் தயங்குகிறீர்களா’ என்றானது. ஒரே ஒரு வினாதான் மாறியது. மற்றவற்றை மாற்றினால் மூலத்தோடு ஒப்பிட முடியாது என்றார்கள். அந்த அம்மாவின் பழைய தாள் கணக்கில் அப்படியே இருக்கிறது. அட்டவணையின்படி அவர் நன்றாகத் தேறியவர்களுள் ஒருவர்.

அடுத்த முறை ஓர் ஆய்வேட்டைத் திறக்கும்போதோ, ஒரு கருத்தரங்கில் கடைசிப் பக்கம் திரையில் ஒளிரும்போதோ, கையை உயர்த்தி இந்த ஒன்றை மட்டும் கேளுங்கள்: எந்த மொழியில் கேட்டீர்கள்?